கையில் இரவல் கேமரா, எதிரே தெரிந்த முகம்

ஒரு படத்துக்கு ஒரு ரூபாய். பம்பாயின் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஹோமாய் என்ற பார்சிப் பெண்ணுக்குத் தன் படங்களால் கிடைத்த முதல் சம்பாத்தியம் அதுதான். பெண்கள் சங்கத்தார் கூடிப் போன ஒரு சுற்றுலாவை அவர் எடுத்திருந்தார். 'பாம்பே கிரானிக்கிள்' நாளிதழ் அந்தப் படங்களை வாங்கி வெளியிட்டது. கையிலிருந்த கேமரா அவருடையதல்ல, பின்னாளில் அவருக்குக் கணவரான மானெக்‌ஷா வியாரவாலாவுடையது. படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தவரும் மானெக்‌ஷாதான். தொடக்க காலப் படங்கள் பலவும் மானெக்‌ஷாவின் பெயரிலேயே அச்சாகின. பெண் ஒருத்தி எடுத்த படம் என்றால் நம்ப ஆளில்லாத காலம்.

அந்த நாட்களில் ஹோமாய் யாரை எடுத்தார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கலைப் பள்ளியில் கூடப் படித்த பெண்கள். சிலை வடிக்கும் வகுப்பில் களிமண்ணும் கையுமாக நிற்பவர்கள், கேமராவுக்கு அஞ்சாமல் நேரே பார்ப்பவர்கள். வகுப்புத் தோழி ரெஹானா மொகுல் பல படங்களில் வருகிறார். 1947-ல் செங்கோட்டையில் ஏறிய கொடியையும், 1948-ல் காந்தியின் இறுதி யாத்திரையையும் படமெடுத்து, நாட்டின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் என்று பெயர் பெற்று, 2011-ல் பத்ம விபூஷண் வாங்கியவரின் பயிற்சிக் களம் கல்லூரித் தோழிகளின் முகம்தான்.

இன்னொரு மாணவர், செபாஸ்தியாவ் சால்காடோ. பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்தபோது, 1969-ல் நாட்டை விட்டு மனைவி லெலியாவுடன் பாரிஸ் வந்தார். படித்தது பொருளாதாரம். லெலியா கட்டடக்கலை மாணவி. கட்டடங்களைப் படமெடுக்க வேண்டும் என்பதற்காக 1970-ல் ஜெனீவாவில் ஒரு கேமரா வாங்கினார்கள். பென்டாக்ஸ், 50 மி.மீ. லென்ஸ். மனைவியின் வீட்டுப்பாடத்துக்கு வந்த அந்தக் கேமராவைக் கணவர் கையில் எடுத்தார். முதலில் எடுத்தது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த லெலியாவை. கொஞ்ச நாளில் மாணவர் விடுதியிலேயே ஒரு இருட்டறை அமைத்து, மற்ற மாணவர்களின் ஃபிலிம்களைக் கழுவிக் கொடுத்துக் காசு பார்த்தார். லண்டனில் சர்வதேச காபி அமைப்பில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தது. அந்த வேலையாக ஆப்பிரிக்கா போகும்போதெல்லாம் கேமராவும் கூடப் போனது. 1973-ல் வேலையை விட்டார். 2025 மே மாதம் அவர் மறைந்தபோது, பிரேசிலின் தங்கச் சுரங்கத்தில் எறும்புக் கூட்டம்போல ஏணி ஏறும் தொழிலாளர்களின் படத்தை உலகமே மறுபடி எடுத்துப் பார்த்தது.

மூன்றாவது கதை காலத்தால் நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1980-களின் தொடக்கத்தில் படித்த தயானிதா சிங்கிடம், ஒரு மனிதரின் பல மனநிலைகளைப் படமாக்கி வரும்படி பயிற்சி கொடுத்திருந்தார்கள். தபலா கலைஞர் ஜாகிர் உசேனின் கச்சேரிக்குப் போனார். ஏற்பாட்டாளர் ஒருவர் தடுத்துத் தள்ளிவிட, அத்தனை பேர் முன்னால் கீழே விழுந்தார். கச்சேரி முடிந்து வெளியே வந்த ஜாகிரிடம் போய், இன்று நான் மாணவிதான், ஒருநாள் பெரிய ஒளிப்படக் கலைஞராக வருவேன், அப்போது பார்க்கலாம் என்கிற பொருளில் கோபத்தோடு சொன்னார். ஜாகிர் கோபிக்கவில்லை, படமெடுக்க வரச் சொன்னார். அதன்பின் பல குளிர்காலங்கள் அந்த இசைக் குழுவின் பஸ்ஸிலும் ரயிலிலும் கூடவே பயணம் போனார் அந்த மாணவி. 1986-ல் ஜாகிர் உசேனைப் பற்றிய அவரது புத்தகம் வெளிவந்தது. 2022-ல் ஒளிப்பட உலகின் உயரிய ஹாசல்பிளாட் விருது தயானிதாவுக்குக் கிடைத்தது.

மூன்று பேரும் மேதைகள், நம் வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். தொடங்கும்போது அவர்கள் மேதைகள் அல்ல, மாணவர்கள். ஹோமாய்க்கும் சால்காடோவுக்கும் கேமராவே அடுத்தவருடையது. மூவரும் திரும்பத் திரும்பப் படமெடுத்தது ஏற்கெனவே தெரிந்தவரை, அல்லது பழகித் தெரிந்துகொள்ளத் துணிந்தவரை. ஒளிப்படத்தைப் பொழுதுபோக்காகக் கற்க விரும்பும் கல்லூரி மாணவருக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியவில்லை.

எந்தக் கேமரா வாங்கலாம்?

கேமராவைப் பற்றிப் பேச்செடுத்தாலே மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. பதில் சுருக்கமானது. முதல் ஆறு மாதத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம், சட்டைப் பையில் இருக்கும் செல்போன் போதும். அதோடு ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. செல்போனின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்க்கும் வகை. முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். அம்மாவைப் படமெடுத்தால் 'நான் இப்படியா இருக்கேன்?' என்று அவர் கேட்பது சும்மா இல்லை. இரண்டடி பின்னால் போய், இருமடங்கு லென்ஸைத் தட்டி எடுத்தால் முகம் முகமாக இருக்கும்.

ஆசை நிலைத்துவிட்டால் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கலாம். எல்லோரும் மிரர்லெஸ் என்ற புதிய வகைக் கேமராவுக்கு மாறிவிட்டதால் பழைய கேமராக்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அதோடு வரும் 18-55 கிட் லென்ஸ் ஒன்று, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. ஒரு மாணவருக்கு இதற்கு மேல் தேவைப்படாது. பழைய லென்ஸை வாங்கும்முன் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சர்வ சாதாரணம். விட்டுவைத்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். கேமராவைத் தோல் பைக்குள் போட்டு பீரோவில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம், செலவு சில நூறு ரூபாய். அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவது அதைவிட நல்ல மருந்து.

வெளிச்சத்தைப் படிப்பது

கேமராவில் கற்க வேண்டிய கணக்கு உண்மையில் மூன்றே எண்கள்தான். லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்கிறது என்பது அபெர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டர் வேகம். சென்சாரில் விழும் வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்பது ஐ.எஸ்.ஓ. அபெர்ச்சர் எண்கள் ஆரம்பத்தில் குழப்பும். 2, 2.8, 4, 5.6, 8 என்று எண் ஏற ஏற துவாரம் சுருங்கும், ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். எஃப் 2-ல் அப்பாவின் கண் மட்டும் துல்லியமாக, பின்னாலிருக்கும் காலண்டர் கரைந்து போகும். எஃப் 8-ல் காலண்டரில் என்ன கிழமை என்பது வரை தெரியும். கையில் பிடித்து எடுக்கும்போது, 50 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் வேகம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குக் கீழே போனால் கை நடுக்கம் படத்தில் தெரியும் என்பது பழைய பாலபாடம். ஓடுகிற குழந்தைக்கு ஐந்நூறில் ஒரு பங்காவது வேண்டும்.

ஃபிலிம் காலத்தில் மீட்டர் இல்லாமலே வெளிச்சத்தை அளக்க ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். பளிச்சென்ற வெயிலில் அபெர்ச்சரை 16-ல் வை, ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண் எதுவோ அதையே ஷட்டர் வேகமாக வை. ஐ.எஸ்.ஓ. 100 என்றால் நொடியில் நூறில் ஒரு பங்கு. ஒரு ரோலில் 36 படம்தான், அதுவும் கழுவிப் பிரின்ட் போட்டால்தான் தெரியும் என்றிருந்த காலத்தில் இந்த வாய்ப்பாடு பல ஸ்டுடியோக்காரர்களுக்கு மனப்பாடம். இன்றைய மாணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செய்து பார்க்கலாம். கேமராவை மேனுவலில் வைத்து, திரையை மூடிவிட்டு, 36 படம் மட்டும் எடுத்து, வீட்டுக்கு வந்த பிறகே திறந்து பார்ப்பது. வெளிச்சத்தைக் கண்ணாலேயே அளக்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

வெயிலைப் பற்றிய வாய்ப்பாடுகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. நம் சூரியன் வேறு மாதிரி. சென்னையில் வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும், உச்சிப்பொழுதில் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்த வெயிலில் எடுத்த முகத்தில் கண்கள் இருட்டுக் குழிகளாகவும், மூக்கின் நிழல் மீசையாகவும் விழும். காலையும் மாலையும் எடு என்று சொல்லிவிட்டு எல்லாப் புத்தகங்களும் நகர்ந்துவிடுகின்றன. நம் ஊர்களில் வாழ்க்கை உச்சிவெயிலிலும் நடக்கிறது. கட்டடத் தொழிலாளியும் உப்பளத்துப் பெண்ணும் மாலை ஐந்து மணிக்காகக் காத்திருக்க முடியாது. ஆகவே நிழலைத் தேடக் கற்க வேண்டும். வாசல் நிலைப்படிக்கு உள்ளே ஓரடி தள்ளி ஒருவரை நிறுத்திப் பாருங்கள். வெளியிலிருந்து தெறித்து வரும் வெளிச்சம் முகத்தில் ஒரு பக்கமாக இறங்கும். திண்ணை, புங்கமர நிழல், தார்ப்பாய்க்கு அடியிலிருக்கும் காய்கறிக் கடை, பெட்டிக்கடையின் உட்புறம் என்று நம் தெருக்களில் இயற்கையான ஸ்டுடியோ ஏராளம். எதிரே வெள்ளைச் சுவரோ விரித்த வேட்டியோ இருந்தால் போதும், கல்யாண ஒளிப்படக்காரர்கள் வெளிச்சத்தைத் திருப்பிவிடப் பிடிக்கிற தெர்மோகோல் அட்டைக்கு அதுவே மாற்று.

கறுப்பை வெளுக்காமல்

நான் இந்தக் கட்டுரை முழுவதிலும் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான்.

கேமராவுக்குள் இருக்கும் வெளிச்ச மானி, எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவரைக் காட்டினால் கொஞ்சம் இருட்டாக்கும், கறுப்புப் பலகையைக் காட்டினால் கொஞ்சம் வெளுப்பாக்கும். கறுத்த முகமுள்ள ஒருவர் வெள்ளை வேட்டி சட்டையில், சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன் நிற்கிறார் என்றால் என்ன ஆகும்? மானி வேட்டியையும் சுவரையும் பார்த்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். முகம் அடையாளமே தெரியாமல் கரியாகப் போகும். ஆளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கேமரா யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதே இங்கே கேள்வி.

அதற்கு ஒரு வரலாறு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோடக் நிறுவனம் ஃபிலிம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிக்கொண்டிருந்தது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். ஆரம்ப அட்டையில் இருந்த பெண்ணின் பெயரால் அதை ஷெர்லி அட்டை என்றே அழைத்தார்கள். கறுத்த தோலின் நுட்பமான பழுப்புகளும் செம்மைகளும் அந்த ஃபிலிமில் சரியாகப் பதியவில்லை. கறுப்பினத் தாய்மார்கள் பள்ளிக் குழுப் படங்களில் தங்கள் பிள்ளைகளின் முகம் தெரியவில்லை என்று வருந்தியிருக்கிறார்கள். கோடக் பின்னாளில் ஃபிலிமை மேம்படுத்தியதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவதோ, சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தங்கள் பொருட்களின் பழுப்பு நிற வேறுபாடு விளம்பரத்தில் தெரியவில்லை என்று கொடுத்த புகார்கள். மனிதத் தோலுக்காக நடக்காதது மேசை நாற்காலிக்காக நடந்தது.

நம் ஊரில் இதன் தொடர்ச்சி பாஸ்போர்ட் சைஸ் படத்தில் தொடங்குகிறது. ஸ்டுடியோவில் கேட்காமலே முகத்தை இரண்டு மூன்று படி வெளுத்துக் கொடுப்பார்கள். கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகம் ஒரு நிறமாகவும் கை இன்னொரு நிறமாகவும் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். செல்போனின் 'பியூட்டி' வசதி அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி தன் படத்தையே வெளுத்துப் பார்த்துப் பழகுவது சாதாரண விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒளிப்படம் கற்கும் தமிழ் மாணவர் முதல் வருடத்தில் சாதிக்க வேண்டியது ஒன்று உண்டென்றால், கறுத்த தோலை அதன் நிறத்திலேயே, அதன் பளபளப்போடு எடுக்கத் தெரிவதுதான். வழி கடினமில்லை. செல்போன் என்றால் பியூட்டி வசதியை முதலில் அணைத்துவிட்டு, முகத்தின் மீது விரலால் தொட்டு, அங்கேயே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். கேமரா என்றால் ஸ்பாட் மீட்டரிங் வைத்து முகத்தை அளந்து, சுவர் வெளுத்தாலும் பரவாயில்லை என்று விட வேண்டும். நேர் ஃபிளாஷைத் தவிர்க்க வேண்டும், அது நெற்றியில் எண்ணெய்த் திட்டாகத் தெறிக்கும். கறுத்த தோலின் அழகு பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும். கன்ன எலும்பிலும் தோள்பட்டையிலும் வெளிச்சம் வழுக்கி ஓடும் இடத்தைப் பார்க்கத் தெரிந்துவிட்டால், வெளுப்பாக்க வேண்டும் என்ற எண்ணமே வராது. பின்னணி கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருந்தால் இன்னும் நல்லது. பிறகு கணினியில் திருத்தும்போது, படத்தை எடுத்தவர் தன் கையையே திரைக்கு அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லோரும் போகும் இடம்

சென்னையில் கேமரா வாங்கிய மாணவரின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் காசிமேட்டில் விடியும். ஏன் என்பது போனால் புரியும். கிழக்கே கடல், அதனால் சூரியன் நேராகத் தண்ணீரிலிருந்து எழும். படகுகளின் நிறம், வலை, ஏலம் போடும் குரல், பனிக்கட்டி உடைபடும் இடம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு படம். கோயம்பேட்டுப் பூச்சந்தையும், பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவும் அதே வரிசை. கல்லூரிப் படக் குழுக்கள் கூட்டமாகப் போய், கூட்டமாக எடுத்து, கூட்டமாகவே திரும்புகின்றன.

போவதில் தவறில்லை. வெளிச்சம் மாறும் வேகத்துக்குக் கை பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. எனக்கு நெருடுவது வேறு. மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கும் பெண்ணின் முகத்துக்கு இரண்டடி தூரத்தில் லென்ஸை நீட்டி, அவர் பெயரைக்கூடக் கேட்காமல், அடுத்த முகத்துக்குப் போவது. அந்தப் பெண்ணுக்கு அது வியாபார நேரம், கடன் வாங்கி முதல் போட்ட சரக்கு கூடையில் இருக்கிறது. கேமராவோடு குறுக்கே நிற்பவர் அவருக்கு இடைஞ்சல். 'எதுக்குத் தம்பி எடுக்கற?' என்று அவர் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் கேமராவை இறக்கிவிட வேண்டும்.

மீன் வியாபாரத்தை உள்ளிருந்து எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். எம். பழனிகுமார், மதுரைக்காரர். அவருடைய அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். கேமரா கைக்கு வந்ததும் பழனிகுமார் முதலில் படமெடுத்தவற்றில் அந்த மீன் வியாபாரமும் ஒன்று. இருட்டோடு எழுந்து மீன் எடுக்கப் போகும் பெண்களை, தெருவிளக்கின் வெளிச்சத்தில் உட்கார்ந்து விற்கும் அம்மாவை அவர் எடுத்த படங்களில் பார்வையாளரின் அவசரம் இல்லை. அந்த அம்மா எந்த நேரத்தில் சிரிப்பார், எந்த நேரத்தில் சோர்வார் என்பது தெரிந்தவரின் படங்கள் அவை. மலக்குழி மரணங்களைப் பேசிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பி. சாய்நாத் தொடங்கிய 'பாரி' இணையதளத்துக்காக உழைக்கும் பெண்களைத் தொடர்ந்து ஆவணப்படுத்துகிறார். தயானிதா சிங் பாரியோடு சேர்ந்து நிறுவிய ஆவண ஒளிப்பட விருதை, 2022-ல் முதன்முதலாகப் பெற்றவர் பழனிகுமார்தான்.

இன்று அவர் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒளிப்படம் கற்றுக்கொடுக்கிறார். இதுவரை யாரோ வந்து எடுத்துக்கொண்டு போன முகங்கள், தாங்களே கேமராவைப் பிடித்துத் தங்கள் தெருவை எடுக்கின்றன. தமிழ்நாட்டில் இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒளிப்பட வகுப்புகளில் இதைவிட முக்கியமானது வேறில்லை என்பது என் கருத்து.

எல்லோரும் போகும் இடத்தில் யாரும் பார்க்காததைப் பார்க்கவும் முடியும். அதற்கு ஒரு பழைய உதாரணம் தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை மதராஸ் அரசு 1856-ல் தன் அதிகாரபூர்வ ஒளிப்படக்காரராக நியமித்தது. 1858-ல் மதுரை, தஞ்சை, திருச்சி வட்டாரங்களை அவர் படமெடுத்தார். மாட்டு வண்டியில் பெரிய கேமராவையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய காலம். பெரிய கோயிலுக்கு வரும் எல்லோரும் அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பார்கள். அவரும் அதை எடுத்தார். பிறகு குனிந்து, விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வெட்டியிருக்கும் கல்வெட்டுகளையும் வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டவைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். 1860-ல் ஆளுநர் ட்ரெவலியன் இது ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்தத் துறையையே மூடினார். படங்கள் பிழைத்தன. இன்று தஞ்சைக்குப் போகும் மாணவர், டிரைபாடுக்குத் தொல்லியல் துறையிடம் தனி அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, விமானத்தை ஒரு படம் எடுத்துவிட்டு மீதி நேரத்தைக் கீழே செலவிடலாம்.

தெரிந்தெடுப்பது, திருப்பிக் கொடுப்பது

படமெடுப்பதில் பாதி வேலை எடுத்த பிறகுதான் இருக்கிறது. ஒரு திருவிழாவுக்குப் போய் எண்ணூறு படம் எடுத்து வருவது இப்போது பெரிய விஷயமே இல்லை. அதிலிருந்து பத்தைத் தெரிந்தெடுப்பதுதான் படிப்பு. எடுத்த அன்றே உட்கார்ந்தால் எல்லாமே நன்றாகத் தோன்றும், ஏனென்றால் பட்ட கஷ்டமும் படத்தோடு சேர்ந்து நினைவில் இருக்கும். ஒரு வாரம் ஆறப்போட்டுப் பார்த்தால் கஷ்டம் மறந்துபோய்ப் படம் மட்டும் நிற்கும். கூடவே ஒளிப்படம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடமும் காட்ட வேண்டும். பாட்டியிடம் காட்டினால் ஃபோகஸைப் பற்றிப் பேச மாட்டார், 'யாரு இந்தப் பொண்ணு, ஏன் இப்படிப் பார்க்கறா?' என்பார். அந்தக் கேள்வியை எழுப்புகிற படம் தப்பிக்கும்.

லைக்குகளின் எண்ணிக்கையை வைத்துத் தெரிந்தெடுக்கும் மாணவர்கள் ஒரே மாதிரி எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்: மூடுபனிச் சாலை, தேநீர்க் கோப்பை, மெழுகுவத்தி வெளிச்சம். அதற்கு மாற்றாக நல்ல படங்களைச் சுவரில் நேரில் பார்ப்பது உதவும். 2016 முதல் நடந்துவரும் சென்னை ஒளிப்பட விழா, உள்ளூர் படங்களையும் உலகப் படங்களையும் பூங்காவிலும் ரயில் நிலையத்திலும்கூட மாட்டியிருக்கிறது. சென்னைக்கு ஒளிப்பட ஆர்வம் புதிதல்ல. எழும்பூரிலுள்ள அரசு கவின் கலைக் கல்லூரி, அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் தொடங்கிய கலைப் பள்ளியின் இன்றைய வடிவம். 1857-ல் மதராஸ் ஒளிப்படச் சங்கம் உருவானதற்கும் அவரே காரணம். ஒளிப்படம் என்ற கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டு இருபது வருடம்கூட ஆகாத நிலையில் நம் ஊரில் அதற்குச் சங்கம் வைத்திருந்தார்கள்.

பிரின்ட் போடுவதை மாணவர்கள் மறந்துவிட்டார்கள். நாலுக்கு ஆறு அளவில் ஒரு பிரின்டுக்கு ஒரு டீ செலவுதான் ஆகும். படத்தில் இருப்பவருக்கு அதை எடுத்துப்போய்க் கொடுங்கள். இளநீர்க் கடைக்காரர், விடுதி வாட்ச்மேன், பஸ் நிறுத்தத்தில் பூக்கட்டும் அக்கா. வாங்கிப் பார்த்து, முந்தானையில் துடைத்து, அடுத்த கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அடுத்த முறை போகும்போது கேமராவைப் பார்த்து விறைத்து நிற்க மாட்டார்கள். தொழில்நுட்பமாகவே பார்த்தாலும் இதற்கு ஈடான லென்ஸ் எதுவும் சந்தையில் இல்லை. சிலர் படத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கலாம். அதுவும் பாடம்தான். தன்னை இப்படிக் காட்ட வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு, மாணவர் அந்தப் படத்தை வெளியிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

'இதுல என்ன வரும்?'

வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. படிப்பு கெடும் என்ற பயமும், கேமரா விலையும், இது ஒரு வேலையாகுமா என்ற சந்தேகமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கின்றன. பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. வருமானத்துக்கு வழி இருக்கிறது என்பதும் உண்மை. முகூர்த்த மாதங்களில் கல்யாண ஒளிப்படக்காரர்களுக்கு உதவியாளாகப் போகும் மாணவர்கள் பலர். அங்கே வேகமும் பொறுமையும் வரும். தாலி கட்டும் ஒரு நொடியை மறுபடி கட்டச் சொல்லி எடுக்க முடியாது என்பதே பெரிய பயிற்சி. ஆனால் சீசன் முழுக்கப் போனால், விருப்பத்துக்கு எடுக்கும் படம் நின்றுவிடும். இரண்டையும் தனியாக வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் அதைக் குறைவாக எண்ணுகிறார்கள். மா. கிருஷ்ணனை நினைத்துப் பார்க்கட்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைக்குட்டி, 1912-ல் பிறந்தவர். சண்டூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார், பிறகு எழுத்தை நம்பி வாழ்ந்தார். 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். காட்டு யானைகளை நடந்தும், வளர்ப்பு யானை மேலிருந்தும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிய கேமராவுக்கு 'சூப்பர் பொன்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். காட்டைக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பதே சரி என்று கடைசிவரை நம்பினார். விலங்கின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதைவிட, அது நிற்கும் இடத்தோடு, அதன் கூட்டத்தோடு காட்டுவதில் அவருக்கு அக்கறை. யாருடைய உத்தரவுக்காகவும் அந்தக் கொள்கையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

வணிகவியலோ பொறியியலோ படிக்கும் மாணவருக்கு ஒரு வசதி இருக்கிறது. விஸ்காம் மாணவருக்கு மதிப்பெண்ணும், பத்திரிகைக்காரருக்குக் கெடுவும், கல்யாண ஒளிப்படக்காரருக்கு மணவீட்டாரின் ஆல்பமும் உண்டு. இவருக்கு எதுவும் இல்லை. யாரும் காசு கொடுத்துக் கேட்காத ஒன்றை மூன்று வருடம் எடுத்துக்கொண்டே இருக்க இவரால் முடியும். தாத்தாவின் சைக்கிள் கடை மூடப்போகிறது. அத்தை வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஷிப்ட் மாறும் நேரத்து வாசல் இருக்கிறது. கூடப் படிக்கும் தோழி அதிகாலைப் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து கல்லூரிக்கு வருகிறாள். அவள் சரி என்று சொன்னால், நாளைக் காலை அந்தப் பஸ்ஸில் ஏறலாம்.